பழகாத நாவுக்கு ஐந்து கிராஃப்ட் பீர்கள்

பெரும் ஆலைகளின் வெளிர் லாகரில், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீரில், மட்டுமே பழகியவருக்குப் பீர் என்பது குளிர்ச்சியும் நுரையும் இலேசான கசப்பும் கொண்ட ஒரு பானம். அதில் புகை மணமோ புளிப்போ தட்டுப்பட்டால், பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவர் முடிவுகட்டுவார். இங்கே நான் மதிப்பிட எடுத்துக்கொண்ட ஐந்து பீர்களும் எனக்குப் புதியவை. அவற்றுள் மூன்று, அப்படியொரு சந்தேகத்தை முதல் மிடற்றிலேயே எழுப்பக் கூடியவை. எனவே எந்தப் பீருக்கும் முதல் மிடற்றை வைத்து மதிப்பெண் இடுவதில்லை என்றும், குவளையில் பாதி குறைந்து, பீரின் குளிர்ச்சியும் சற்றுத் தணிந்த பிறகு தோன்றுவதையே என் தீர்ப்பாகக் கொள்வது என்றும் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டேன்.

இவை அனைத்தையும் கிராஃப்ட் பீர், அதாவது சிறிய தன்னுரிமை ஆலைகளின் பீர், என்று அழைக்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கம், ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மிகாமல் உற்பத்தி செய்வதையும், கிராஃப்ட் ஆலை அல்லாத மதுபான நிறுவனத்தின் கையில் 25 சதவீதப் பங்கு சேராமல் இருப்பதையும் அளவுகோலாக வைத்திருக்கிறது. அந்த அளவுகோல் அமெரிக்க ஆலைகளுக்காக வகுக்கப்பட்டது. பெல்ஜியத்தின் மடாலயத்துக்கும் ஜெர்மனியின் பழைய குடும்ப ஆலைக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. சிறிய ஆலைகள் எவற்றை முன்மாதிரியாகக் கொண்டு புறப்பட்டனவோ அவற்றையும் சேர்த்துச் சுவைத்தால்தான் இத்துறை புரியும் என்பதால் கலந்தே தேர்ந்தெடுத்தேன்.

சுவைக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள் தேவைப்படுகின்றன. பீரை உறைபதத்துக்கு நெருக்கமாகக் குளிர்வித்துக் குடிக்கும் பழக்கம், மணம் குறைந்த பீர்களுக்கு நன்மையே செய்கிறது. மணம் மிகுந்தவற்றுக்கோ அது பெருங்கேடு. குளிர்ச்சி மிகும்போது மணத்தைத் தரும் சேர்மங்கள் ஆவியாகி மேலெழுவது குறைகிறது, மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், இனிப்பும் மங்குகிறது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டையின் பின்புறமாக மூக்கை எட்டும் மணமே ஆகும். ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் லாகரைவிடச் சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகையில் வெளிறியதற்குச் சில நிமிடங்களும், அடர்ந்த கருநிற ஸ்டவுட்டுக்கு அரை மணி நேரமும் கொடுப்பது நல்லது. குவளையில் சோப்பின் எச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. நுரை போனால் மணத்தைத் தாங்கி நிற்பதும் போய்விடும். இலேசானதில் தொடங்கி வலுவானதை நோக்கிச் செல்ல வேண்டும், இடையிடையே வெறும் நீர் பருக வேண்டும் என்பவை பலரும் அறிந்தவையே.

பீர் நடுவர்களுக்குப் பயிற்சியளித்துச் சான்றளிக்கும் திட்டம் ஒன்று 1985 முதல் இயங்கிவருகிறது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10 என்று அவை பிரிந்திருக்கின்றன. தோற்றத்துக்கு இவ்வளவு குறைவாகக் கொடுத்திருப்பது சரியென்றே கருதுகிறேன். கலங்கலைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆயினும் அந்தத் தாள், ஒரு பீர் தன் வகைக்குரிய இலக்கணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அளக்கவே பிறந்தது. வகையையே முதன்முறையாகச் சந்திப்பவருக்கு அது பாதி அளவே உதவும். அதனால் புள்ளிகளை விட்டுவிட்டுக் குறிப்புகளையே நம்பினேன்.

முதலாவது சியர்ரா நெவாடா பேல் ஏல். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980-இல் காய்ச்சத் தொடங்கிய ஆலையின் பெயர்பெற்ற பீர் இது, ஆல்கஹால் 5.6 சதவீதம், கசப்பைக் குறிக்கும் ஐபியு அளவு 38. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் காஸ்கேட் என்ற வகை 1972-இல்தான் சாகுபடிக்கு வெளியிடப்பட்டது. பம்பளிமாசின் தோலைக் கீறினால் எழுவது போன்ற அதன் மணத்தை அமெரிக்காவுக்கு வெளியேயும் அறியச் செய்ததில் இந்தப் பீருக்குப் பெரும் பங்குண்டு. இன்று இதைவிட இரு மடங்கு மணம் வீசும் பீர்கள் ஏராளமாக வந்துவிட்டதால், பலர் இதைப் பழையது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதன்று. மால்ட்டின் மெல்லிய ரொட்டி மணமும், பைன் மரப் பிசினை நினைவூட்டும் ஹாப்ஸின் வாசமும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கின்றன; கசப்பு தெளிவாக வந்து, விழுங்கியதும் விலகிவிடுகிறது. லாகரிலிருந்து வெளியே வர விரும்புகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வாசல் எனக்குத் தெரியவில்லை. வியப்பு எதுவும் காத்திருக்கவில்லை என்பதே இதன் எல்லையும் ஆகும்.

வியப்புக்குக் குறைவில்லாதது இரண்டாவதாக வந்த ஷ்லெங்கர்லா மேர்ட்சன். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தைச் சேர்ந்த, லாகர் வகையிலான இந்தப் புகை பீரில் ஆல்கஹால் 5.1 சதவீதம். பாட்டிலைத் திறந்ததும், விறகுப் புகையில் வாட்டிய இறைச்சியின் மணம் அறையையே நிறைத்துவிடுகிறது. பீரில் இறைச்சி எதுவும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முளைகட்டிய பார்லியைப் பீச் என்னும் காட்டுமரத்தின் விறகை எரித்து உலர்த்தும்போது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து குவாயகால், சிரிங்கால் ஆகிய சேர்மங்கள் புகையோடு கலந்து தானியத்தில் படிகின்றன. புகையூட்டிய உணவுகளின் மணத்துக்கும் அவையே காரணம் என்பதால் மூக்கு நம்மை இறைச்சியின் பக்கம் இழுத்துச் செல்கிறது. மறைமுகமாகச் சூடேற்றும் உலைகள் வருவதற்கு முன்பு, விறகில் உலர்த்திய மால்ட்டு ஏராளமாகப் புழங்கிய காலத்தில், பல ஊர்களின் பீர்களிலும் புகை ஓரளவு இருந்திருக்கும். புகையில்லாத மால்ட்டு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் கைவிட்டதை பாம்பெர்க்கின் ஓரிரு ஆலைகள் விடாமல் வைத்துக்கொண்டன.

முதல் மிடறு கடினமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. புகையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் மூக்கு ஒரு மணத்துக்குப் பழகியபின் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும் இயல்புடையது. குவளையின் பாதியில் புகை பின்னுக்கு நகர, அதன் அடியிலிருந்து கருகாத கேரமல் இனிப்பும், ரொட்டியின் மேலோட்டுச் சுவையும், லாகருக்கே உரிய தெளிந்த முடிவும் வெளிப்பட்டன. இணையத்தில் இந்தப் பீருக்கு ஒற்றை நட்சத்திரம் இடுவோரும் ஐந்து நட்சத்திரம் இடுவோரும் இருப்பதன் காரணம், பெரும்பாலும், எவ்வளவு தூரம் குடித்தார்கள் என்பதாகவே இருக்க வேண்டும். அஞ்சுபவர்கள் இதே ஆலையின் ஹெல்லஸ் என்னும் வெளிர் லாகரிலிருந்து தொடங்கலாம். அதில் புகையூட்டிய மால்ட்டே சேர்வதில்லை. அதே கொப்பரைகளையும், நொதிக்கவைக்கும் அதே ஈஸ்ட்டையும் பகிர்ந்துகொள்வதால் மட்டும் மெல்லிய புகை வாசம் ஒட்டிக்கொள்கிறது. மேர்ட்சனை நான் மீண்டும் வாங்குவேன், எனினும் தனியாக அன்றி உப்பும் கொழுப்பும் கொண்ட உணவோடுதான்.

இந்த வரிசையில் அதிக நேரத்தைக் கோரியது ஒர்வால். பெல்ஜியத்தின் தென்கோடியில் உள்ள டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவியர் மடாலயத்தின் மதிலுக்குள், மடத்தைப் புதுப்பிக்கும் பணிக்குப் பொருள் திரட்டுவதற்காக 1931-இல் நிறுவப்பட்ட ஆலை அது. வெளியுலகுக்கு விற்பது இந்த ஒரே பீரை மட்டுமே. ஆலையிலிருந்து புறப்படும்போது ஆல்கஹால் 6.2 சதவீதம் என்று அச்சிட்டிருந்தாலும், பாட்டிலுக்குள் நொதித்தல் தொடர்வதால் காலப்போக்கில் அது மேலும் உயரும். அதற்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட். சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்டுவிடும் சிக்கலான சர்க்கரைகளையும் அது மாதக்கணக்கில் நிதானமாக உண்டு, பீரின் இனிப்பைத் துடைத்தெடுத்து, பதப்படுத்திய தோலையும் ஈரமண்ணையும் வைக்கோலையும் நினைவுபடுத்தும் மணங்களை விட்டுச்செல்கிறது. பெரும்பாலான ஆலைகளில் இந்த ஈஸ்ட் நுழைந்தால் பீரைக் கொட்டிவிட்டுக் குழாய்களைக் கழுவுவார்கள். இங்கே அதைத் தாமே ஊற்றுகிறார்கள்.

ஆகவே ஒர்வாலைப் பற்றி மதிப்புரை எழுதுபவர், எந்த வயதுடைய பாட்டிலைத் திறந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருடைய சொற்களுக்குப் பொருளே இராது. அடைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை பயன்படுத்தலாம் என்பது ஆலையின் கணக்கு என்பதால், பாட்டிலில் உள்ள இறுதித் தேதியிலிருந்து ஐந்தைக் கழித்தால் வயது தெரிந்துவிடும். அடைத்துச் சில மாதங்களே ஆனதில் ஹாப்ஸ் முன்னிற்கிறது. முதிர்ச்சிக் காலத்தில் உலர் ஹாப்ஸையும் சேர்ப்பதால் பூவும் மூலிகையும் கலந்த மணமும், நாவின் ஓரங்களைப் பிடிக்கும் கசப்பும் கூர்மையாக இருக்கின்றன. ஓராண்டைக் கடந்ததில் கசப்பு தளர்ந்து, காட்டு ஈஸ்ட்டின் மண்மணம் மேலேறி, முடிவு எலும்பாய் வறண்டுவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்தபோது, இவை ஒரே தொட்டியிலிருந்து புறப்பட்டவை என்று நம்புவதே சிரமமாக இருந்தது. எனக்குப் பிடித்தது இளையதும் முதியதுமல்லாத, ஏறக்குறைய எட்டு மாத வயதுடையது. ஹாப்ஸ் இன்னும் விடைபெறவில்லை. ஈஸ்ட்டோ வந்து அமர்ந்துவிட்டது. நுரை அபாரமாகப் பொங்கும், ஆதலால் குவளையைச் சாய்த்து மிக மெதுவாக ஊற்றி, அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட்டைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும். குளிர்பெட்டிக் குளிர்ச்சியில் இதைப் பருகுவது பணத்தை வீணாக்குவதாகும். 12 முதல் 14 டிகிரி வரை இருந்தால்தான் இது வாய் திறக்கிறது.

இங்கே ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். பழகாத சுவை வேறு, பழுதான சுவை வேறு. இதே காலத்தில் நான் திறந்த இன்னொரு பீரில், அதை விற்றவர் யாரென்பது இங்கே வேண்டாம், எரிந்த ரப்பரைப் போன்ற குமட்டும் நெடி அடித்தது. பச்சை நிறக் கண்ணாடிப் பாட்டிலை வெளிச்சம் படும் அலமாரியில் வைத்திருந்ததன் விளைவு அது. ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் ஒளிபட்டுச் சிதைந்து கந்தகச் சேர்மம் ஒன்றை உண்டாக்குகின்றன. பழுப்பு நிறக் கண்ணாடி அதை வெகுவாகத் தடுக்கும், தகர டப்பா முற்றிலும் தடுக்கும். நனைந்த அட்டையின் சுவை வந்தால் காற்றுப் புகுந்து பழசாகிவிட்டது என்று பொருள். குவளை முடியும்வரை காத்திருந்தாலும் இவ்விரண்டும் இனிமையாக மாறா. ஒர்வாலின் மண்மணமோ ஷ்லெங்கர்லாவின் புகையோ அப்படிப்பட்டவை அல்ல; அவற்றின் அடியில் ஒழுங்கு இருக்கிறது, பொறுத்தால் அது தெரிகிறது.

நான்காவதான ரோடன்பாக் கிராண்ட் க்ரூவில் நாவைத் தொடுவது புளிப்பு. பெல்ஜியத்தின் ருசலாரே நகரில் 1821-இல் தோன்றிய ஆலை, ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ஓக் பீப்பாய்களில் இரண்டு ஆண்டுகள் முதிர்ந்த பீரை மூன்றில் இரண்டு பங்கும், இளம் பீரை ஒரு பங்கும் கலந்து இதை உருவாக்குகிறது. மரத்தின் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தையும் சிறிதளவு அசிட்டிக் அமிலத்தையும் தருகின்றன. நிறம் செந்நிறம் கலந்த பழுப்பு. மணத்தில் செர்ரிப் பழமும் பழைய மரமும் மெல்லிய வினிகரும் உண்டு. ஆல்கஹால் 6 சதவீதமாக இருந்தும் சற்றும் கனக்கவில்லை. பீர் என்றாலே கசப்பு என்று விலகி நிற்பவர்கள், வியப்பாக, இதைத்தான் முதலில் விரும்புகிறார்கள், ஏனெனில் இதில் ஹாப்ஸின் கசப்பு ஏறக்குறைய இல்லை. திராட்சை மது அருந்துவோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறை ஒன்றுண்டு: முதிர்ந்த பீரின் காரமான புளிப்பை இளம் பீரின் இனிப்பு சற்று அதிகமாகவே மழுங்கடிக்கிறது. இரண்டாவது குவளையில் அந்த இனிப்பு அலுப்பூட்டியது.

கடைசியாக வந்த ஓல்ட் ரஸ்புடினைப் பற்றி நீட்டி எழுத அவசியமில்லை. கலிபோர்னியாவின் நார்த் கோஸ்ட் ஆலை காய்ச்சும் இந்த இம்பீரியல் ஸ்டவுட், அதாவது வலுமிகுந்த ஸ்டவுட், 9 சதவீத ஆல்கஹாலும் 75 ஐபியுவும் கொண்டது. 330 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் அடங்கும் என்பதால், அதே அளவுள்ள 5 சதவீத லாகர் பாட்டில்கள் இரண்டைக் குடிப்பதற்கு ஏறக்குறைய நிகர். எண்ணெய் போல் வழியும் கருமை, பழுப்பு நிற நுரை, வறுத்த காபியும் கசந்த சாக்லேட்டும் கலந்த மணம், தொண்டையில் மெல்லப் பரவும் வெம்மை. இதில் புரியாதது எதுவுமில்லை. காபியைப் பால் சேர்க்காமல் குடிப்பவருக்கு முதல் மிடற்றிலேயே பிடித்துவிடும். ஆனால் ஐபியு 75 என்ற எண்ணைக் கண்டு பேல் ஏலைப்போல் இரு மடங்கு கசக்கும் என்று எண்ணிவிடக் கூடாது, மால்ட்டின் இனிப்பு அந்தக் கசப்பைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. சுவைக்கும் வரிசையில் இதைக் கடைசியில் வைத்தே ஆக வேண்டும், ஏனெனில் இதற்குப் பின் ஊற்றப்படும் எதுவும் வெறும் நீராகவே தோன்றும். ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்துகொள்வதே இதற்குரிய அளவு.