சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: நேராகப் பலாலிக்கா, கட்டுநாயக்க வழியாகவா?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரைக்கே 420 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், யாழ்ப்பாணம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது விளங்கும். கொழும்புக்கான விமானங்கள் இறங்கும் கட்டுநாயக்கவோ சென்னைக்குச் சுமார் 645 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.

தூரம் பாதிக்குச் சற்று மேல்தான் என்றாலும், பறக்கும் நேரம் பாதியாகக் குறைவதில்லை. இரண்டு பயணங்களுக்குமே அட்டவணையில் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஒதுக்கப்படுகிறது. பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது என்பதால் அங்கே ஏடிஆர் 72 வகைச் சுழல்விசிறி (புரொப்பல்லர்) விமானங்களே செல்கின்றன. அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் நின்றுவிட, கொழும்புக்குச் செல்லும் ஜெட் விமானங்கள் 800 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. ஏடிஆர் தாழப் பறப்பதில் ஒரு நன்மையும் உண்டு: வானம் தெளிவாக இருக்கும் நாளில் வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தால் சோழமண்டலக் கரை கூடவே வருவதையும், கோடிக்கரையோடு அது மேற்கே திரும்பி மறைவதையும் பார்க்கலாம்.

உண்மையான வேறுபாடு தரையிறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் அரைமணி நேரப் பயணம். கட்டுநாயக்கவில் இறங்குபவரோ குடிவரவு முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக ஏழெட்டு மணி நேரம் சாலையில் வரவேண்டும். ரயிலை விரும்பினால் முதலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகவேண்டும். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் செல்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நேர்வழியில் ஆறு மணி நேரத்துக்குள் முடிவது கொழும்பு வழியில் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறது. முழங்கால் வலியோடு வரும் தாயையோ, கைக்குழந்தையையோ அழைத்துச் செல்பவர்கள் கட்டணம் சற்றுக் கூடினாலும் பலாலியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பலாலி வழிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. விமானங்கள் மிகச் சிலவே. ஒன்று ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். கொழும்புக்கோ ஒரே நாளில் பல விமானங்கள் உள்ளன. திருமணம், ஈமச்சடங்கு போன்ற தவறவிட முடியாத நிகழ்ச்சிகளுக்குச் செல்வோர், நேர்வழியில் போவதானால் ஒரு நாள் முன்னதாகவே புறப்படுவது நல்லது.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பலும் 2023 முதல் இருக்கிறது. நான்கு மணி நேரக் கடற்பயணம் என்றாலும், சென்னையிலிருப்பவர் முதலில் நாகைக்குப் போயாகவேண்டும் என்பதால் இந்தப் போட்டியில் அது சேராது.

கொழும்பு வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், விடியற்காலையில் தரையிறங்கும் விமானமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்; சாலைப் பயணம் முழுவதும் பகலில் அமைவதோடு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நுழைவாயிலான ஆனையிறவைக் கடக்கும்போது இருபுறமும் விரியும் களப்பையும் (கடற்கழியையும்) வெளிச்சத்திலேயே காணலாம்.