திருச்சிலேருந்து மெல்போர்ன்: எந்த ரூட்டு, எந்தப் பொட்டி?

2024 ஆகஸ்ட்ல நானும் என் வீட்டுக்காரரும் திருச்சி வீட்ட காலி பண்ணிட்டு மெல்போர்ன் வந்தோம். விசா, வேலை இதுக்கெல்லாம் கூட நாங்க சண்டை போடல, சண்டையெல்லாம் ரெண்டே விஷயத்துக்குத்தான், எந்த ரூட்ல போறது, வீட்டு சாமான என்ன பண்றது. மொத விஷயத்துல நான் ஜெயிச்சேன், ரெண்டாவதுல ரெண்டு பேருமே தோத்தோம். அடுத்து கிளம்பப் போறவங்க நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க, அதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல ரூட்டு. திருச்சிக்காரங்களுக்கு இதுல ஒரு கொடுப்பினை உண்டு, சென்னைக்கு ஓட வேண்டியதில்ல. அந்த வருஷம் ஜூன்லதான் புது டெர்மினலும் ஓட ஆரம்பிச்சுது, முகப்புல கோபுரக் கலர் எல்லாம் அடிச்சு பாக்கவே ஜம்முனு இருக்கும். நம்ம ஊர்லயே ஏறி மெல்போர்ன் போக நாங்க பாத்தது மூணு வழி, ஸ்கூட் விமானத்துல சிங்கப்பூர் வழியா, ஏர் ஏசியால கோலாலம்பூர் வழியா, ஸ்ரீலங்கன்ல கொழும்பு வழியா. நாலாவதா டெல்லி போயி அங்கேருந்து ஏர் இந்தியால நேரா மெல்போர்ன் போகலாம்னு என் மச்சினர் சொன்னாரு. தெக்க இருக்கிற ஊருக்குப் போறதுக்கு எதுக்குங்க மொதல்ல வடக்க ரெண்டாயிரம் கிலோமீட்டர் போவணும்? அத அன்னைக்கே விட்டுட்டோம்.

நான் கொழும்பு கட்சி. என் வீட்டுக்காரருக்கு கோலாலம்பூர் மேல ஒரு கண்ணு, ஏன்னா ஸ்க்ரீன்ல தெரியிற டிக்கெட் விலை அதுலதான் கம்மி. ஆனா அது வெறும் சீட்டுக்கு மட்டும். சூட்கேஸுக்கு தனி, சாப்பாட்டுக்கு தனி, போர்வைக்கு கூட தனி. கையில எடுத்துட்டுப் போறது 7 கிலோ, ஸ்கூட்ல அது 10 கிலோ. ஊருக்குப் போயி ஒரு வாரத்துல திரும்பி வர்றவங்களுக்கு இது சரி, குடித்தனத்தையே தூக்கிட்டுப் போறவங்களுக்கு சூட்கேஸ் எடை சேக்கச் சேக்க விலை ஏறிக்கிட்டே போவுது. ஒரு நாள் ராத்திரி நோட்டுல மூணையும் எழுதி எடை, சாப்பாடு எல்லாம் சேத்துக் கூட்டிப் பாத்தா, கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் ஒரு டிபன் செலவு அளவுக்கு வந்து நின்னுச்சு. அப்புறம் அவரு வாயே திறக்கல.

தூக்கக் கணக்குலயும் கொழும்புதான். சிங்கப்பூர் வழியா போனா மொதல்ல நாலு மணி நேரம், அப்புறம் ஏழரை மணி நேரம். கோலாலம்பூரும் கிட்டத்தட்ட அதேதான். கண்ணு அசரும்போது எழுப்பி இறக்கி விட்டுருவாங்க. கொழும்புன்னா திருச்சிலேருந்து ஒரு மணி நேரம்தான், சீட் பெல்ட் போட்டு கழட்டுறதுக்குள்ள வந்துரும், அதுக்கப்புறம் ஒரே நீட்டு பத்தரை மணி நேரம், நல்லா தூங்கலாம். ஏர்போர்ட்ல போர்டெல்லாம் தமிழ்லயும் இருக்கும். எங்கள வழியனுப்ப வந்த மாமியாருக்கு "கொழும்பு வரைக்கும்தான் போறாங்க"ன்னு சொல்லிக்க ஒரு ஆறுதலும் கிடைச்சுது. ஒண்ணு மட்டும் சொல்றேன், எந்த ரூட்டா இருந்தாலும் ரெண்டு டிக்கெட்டயும் ஒரே புக்கிங்ல போடுங்க. தனித்தனியா போட்டா நடு ஊர்ல இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்து, பொட்டிய எடுத்து, திரும்ப செக்கின் பண்ணணும், வாழ்க்கைய சுமந்துட்டுப் போற நேரத்துல அந்தக் கூத்து வேண்டாம்.

இப்ப சாமான் கதை. அவரு கட்சி, எல்லாத்தையும் வித்துட்டு அங்க போயி வாங்கிக்கலாம். என் கட்சி, கப்பல்ல போடலாம். கடைசில பாதிய வித்து, பாதிய கப்பல்ல போட்டு, மிச்சத்த சூட்கேஸ்ல திணிச்சோம், மூணு வழியோட கஷ்டத்தையும் ஒண்ணா அனுபவிச்சோம்.

கப்பல்னா முழு கன்டெய்னர் இல்ல, அதுக்கு நம்மகிட்ட சாமானும் கிடையாது காசும் கிடையாது. பலபேரு சாமானோட சேத்து ஏத்துற பங்கு கன்டெய்னர். இதுல காசு கிலோவுக்கு இல்ல, இடத்துக்கு, அதாவது கன மீட்டர் கணக்கு. இது புரியாம நான் தலகாணி, மெத்தை விரிப்பு, ஸ்வெட்டர்னு காத்த பொட்டில அடைச்சு வச்சிருந்தேன். புஸ்தகம், பாத்திரம், கிரைண்டர் மாதிரி சின்னதா கனமா இருக்கிறதுக்குத்தான் கப்பல், லேசா பெருசா இருக்கிறதுக்கு இல்லவே இல்ல. 9 பொட்டி, தூத்துக்குடில ஏத்தி கொழும்புல வேற கப்பலுக்கு மாத்தினாங்க.

ஏமாந்தது எங்கன்னா, கொட்டேஷன்ல விலைக்குப் பக்கத்துல சின்னதா "துறைமுகம் வரை"ன்னு இருந்த வார்த்தைல. எந்தத் துறைமுகம், அதுக்கப்புறம் யாரு குடுக்கணும்னு நாங்க கேக்கவே இல்ல. மெல்போர்ன் துறைமுகத்துல இறக்குற கூலி, குடோன் வாடகை, சோதனை ஃபீஸு, வீட்டுக்கு லாரி எல்லாம் தனி பில்லு, அது ஏறக்குறைய அங்க கட்டுன அளவுக்கே வந்துச்சு. "வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரை, எல்லாம் சேத்து எவ்வளவு"ன்னு எழுத்துல வாங்கிக்கங்க. வரி பத்தி பயப்பட வேண்டாம், நீங்க 12 மாசம் வச்சிருந்து பயன்படுத்துன சொந்த சாமானுக்கு இங்க சுங்கம் கிடையாது.

ஆனா சோதனை பலமா இருக்கும். மரச் சாமான்ல பூச்சி ஓட்டை இருந்தா நம்ம செலவுலயே மருந்து அடிப்பாங்க, இல்லன்னா அழிச்சிருவாங்க. மண்ணு ஒட்டுன செருப்பக்கூட விட மாட்டாங்க. விமானத்துல கொண்டு வர்ற சாப்பாட்ட, இறங்கும்போது நிரப்பிக் குடுக்கிற பயணிகள் கார்டுல டிக் பண்ணி காட்டிட்டா பிரச்சனை இல்ல, மறைச்சாதான் அபராதம். பச்சை கருவேப்பிலை கூடவே கூடாது, அதுவும் எலுமிச்சை குடும்பமாம், ஆரஞ்சு தோட்டத்த அழிக்கிற நோய் அதுல வரும்னு பயம். பால்கோவா, பேடாவும் அதே கதி, சும்மா எடுத்துட்டு வந்து குப்பைல போடாதீங்க.

கப்பல் வர 11 வாரம் ஆச்சு. இங்க வாடகை வீடுன்னா நாலு சுவருதான், ஃப்ரிட்ஜ் கூட இருக்காது. மொத பத்து நாள் பால் கேன பால்கனில வச்சுதான் குடிச்சோம், ஆகஸ்ட் குளிர்ல அதுவே ஃப்ரிட்ஜ். அப்புறம் ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ்ல ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்குனோம், கவுன்சில் வண்டி எடுக்குறதுக்காக யாரோ ரோட்டோரம் வச்ச டேபிள ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்தோம் (அவரு கேப் போட்டு முகத்த மறைச்சுக்கிட்டாரு, யாருக்கும் தெரியாத ஊர்ல!). தட்டு டம்ளரெல்லாம் சால்வோஸ் மாதிரி பழைய சாமான் கடைல சல்லிசா கிடைச்சுது. அவரு கட்சி இந்த இடத்துல ஜெயிச்சிருச்சு, ஒத்துக்கிறேன். ஆனா திருச்சில வித்த கதையும் சொல்லணும்ல, நல்லா ஓடிக்கிட்டிருந்த ஃப்ரிட்ஜ வாங்குன விலைல கால்வாசிக்கு கேட்டாங்க, பீரோவ யாரும் கேக்கவே இல்ல, அத்தை வீட்டுக்கு ஆட்டோல அனுப்புனோம்.

கப்பல்ல வந்ததுல காசுக்கு ஈடா நின்னது கிரைண்டர் ஒண்ணுதான். இங்கயும் 230 வோல்ட், பின்னு மட்டும்தான் வேற, அடாப்டர் போட்டா ஓடும். டொரண்டோ போறவங்க இத நம்பி எடுத்துட்டுப் போயிராதீங்க, அங்க 120 வோல்ட், நம்ம மிக்ஸி முக்கும்.

ஒருத்தர் முன்னாடி போயி வீடு பாத்துட்டு இன்னொருத்தர் அப்புறம் வர்றது நல்லதான்னும் கேட்டாங்க. சாமான் விக்கிறதுக்கு அது நல்லது, மனசுக்கு நல்லதில்ல. நாங்க சேந்தே வந்தோம்.

கடைசிப் பொட்டில எங்கம்மா குடுத்த இரும்பு தோசைக்கல்லு இருந்துச்சு. 11 வாரக் கடல் காத்துல செங்கல் கலர்ல துரு ஏறி கெடந்துச்சு. புளி வச்சுத் தேய்ச்சு, கழுவி, நல்லெண்ண தடவி, அரை வெங்காயத்தால தேய்ச்சு தேய்ச்சு ஒரு வாரம் படுத்துச்சு, மொத பத்து தோசை பிஞ்சுதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே இங்க ஒரு நான்ஸ்டிக் வாங்கியாச்சு. அவருக்கு அது, எனக்கு இது.