மூன்று சீசன், கண்ணுக்கு முன்னால் ஒரு கம்பி

"நீ போடுற கிரிக்கெட் ஹெல்மெட்டையே பையனுக்கும் வாங்கிடவா? விலை இறங்கியிருக்கு" என்று நண்பன் கேட்டிருந்தான். "தாராளமா வாங்குடா" என்று அடித்துவிட்டேன். அனுப்பும் முன் கை நின்றது. பையனுக்கு வயது 11. அந்த ஒரு வரிப் பதில் இவ்வளவு நீண்டதற்கு அதுதான் காரணம்.

எடை, ஓட்டின் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் நுரை பற்றியெல்லாம் எங்கும் படிக்கலாம், நான் பேசப்போவதில்லை. மூன்று சீசனாக என் பிராணனை வாங்குவது கிரில்லின், அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிக் கூண்டின், மேல் கம்பி. நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பீக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து, அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். பந்து கையிலிருந்து கிளம்புவது நன்றாகவே தெரியும். ஃபுல் லெங்த்தில், அதாவது காலுக்குப் பக்கத்தில், விழுந்தால் கடைசி நொடியில் பந்து கம்பிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். தலையை இன்னும் கொஞ்சம் குனித்தால் சரியாகிவிடும் என்பார்கள். குனித்தால் பீக் வந்து மறைக்கிறது.

இதற்கு முன் வைத்திருந்ததில் கிரில்லை ஏற்றி இறக்கலாம். திருகைத் தளர்த்தி, கம்பி கண்ணில் படாத அளவுக்குக் கீழே இறக்கி முறுக்கிவிடுவேன். கூண்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன் என்று இப்போது புரிகிறது. இந்த ஹெல்மெட்டில் அந்த வேலையே நடக்காது. திருகுக்கு ஒரே துளை, கம்பிக்கு ஒரே இடம். முதல் மாதம் முழுக்கத் தயாரித்தவனைத் திட்டினேன். பிறகுதான் திட்ட வேண்டியது அவனை அல்ல, பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர நிர்ணயத்தை என்று தெரிந்துகொண்டேன்.

அந்தத் தரத்தின் சங்கதி இதுதான். ஓடு அடியைத் தாங்குகிறதா என்று பார்ப்பதோடு சோதனை நிற்பதில்லை. பொய்த்தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, முகப்பை நோக்கிப் பந்தை ஏவுகிறார்கள். பந்து சந்து வழியாக உள்ளே புகக் கூடாது, கிரில் வளைந்து முகத்தில் இடிக்கவும் கூடாது. 2014 ஆகஸ்ட், ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்ட் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இந்தியாவின் வருண் ஆரோன் போட்ட, தலைக்கு எழும்பும் பவுன்சர் பீக்குக்கும் கிரில்லுக்கும் நடுவே நுழைந்து இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது. அதற்கு முந்தைய மாதம் இங்கிலாந்து உள்ளூர் கவுண்டி ஆட்டத்தில் விக்கெட் கீப்பர் கிரெய்க் கீஸ்வெட்டருக்கு இதே கதி. பார்வை பழையபடி திரும்பாமல் அடுத்த வருடமே ஓய்வு பெற்றார். (பின்கழுத்துக் காப்பு தனிக் கதை. கழுத்தில் பந்து பட்டு இறந்த ஆஸ்திரேலிய வீரர் ஃபில் ஹியூஸின் மரணத்துக்குப் பிறகு பேசப்பட்டு, 2019இல் இதே தரத்தில் திருத்தமாகச் சேர்ந்தது. என்னுடையதில் கிளிப் மாதிரி மாட்டுவது, அவ்வப்போது கழன்று விழும், அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.)

நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன சீசன் கடைசியில் ஒரு பவுன்சரை ஹூக் அடிக்கப்போய் டாப் எட்ஜ், மட்டையின் மேல் விளிம்பில் பட்டது. பந்து நேராக மூக்குக்கு வந்தது. நான் சபித்த அதே மேல் கம்பியில் மோதி, அதை வளைத்துவிட்டுக் கீழே விழுந்தது. சத்தம் மட்டும் ராத்திரி வரை காதில் இருந்தது, வேறு ஒன்றுமில்லை. பழைய ஹெல்மெட்டில், நான் வைத்திருந்த அந்தத் திறந்த ஜன்னலில், என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

அப்புறம் ரிப்பேர். ஓட்டில் கீறல் விழுந்திருந்தால் ஹெல்மெட்டையே தூக்கிப்போட வேண்டும். அனுப்பிப் பார்த்ததில் ஓடும் நுரையும் தப்பியிருக்கின்றன, கிரில் மட்டும் போதும் என்றார்கள். திருகு பொருந்துகிறதே என்று வேறு எவனுடைய கிரில்லையும் மாட்டக் கூடாது. சோதனையில் தேறியது இந்த ஓடும் இந்தக் கிரில்லும் சேர்ந்த ஜோடி, ஒன்றை மாற்றினால் அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கம்பிக் கூண்டு வந்து சேர இரண்டு மாதமா? அதுவரை இரவல் ஹெல்மெட்டில், அடுத்தவர் வியர்வை வாசனையோடு ஆடினேன். வந்ததில் நான்கு திருகுக்கு மூன்றுதான் இருந்தது.

புதுக் கிரில் மாட்டும்போதுதான் நண்பனின் கேள்வி நினைவுக்கு வந்தது. உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையைத் தூக்கினால் அடியில் நகத்தளவு லேபிள். தர எண்ணுக்குக் கீழே, ஆண்கள் பந்துக்கு எதிராகச் சோதித்தது என்று மட்டும். ஜூனியர் பந்து பற்றிப் பேச்சே இல்லை. இரண்டும் வெவ்வேறு சோதனை, ஒன்றில் தேறியது மற்றதில் தேறியதாகாது. ஆண்கள் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. 13 வயதுக்குட்பட்டோர் பந்து 20.5 முதல் 22 செ.மீ., எடையும் குறைவு, 133 முதல் 144 கிராம். பெண்கள் பந்து இரண்டுக்கும் நடுவில், ஆகவே அவர்களுக்கும் இரண்டு பந்துக்கும் சோதித்ததே நல்லது.

வீட்டில் கிடந்த ஒரு ஜூனியர் பந்தையும் ஆண்கள் பந்தையும் எடுத்துச் சந்தில் வைத்தேன். கையால் தள்ளுவது சோதனை ஆகாது, தெரியும். பெரிய பந்து பாதியிலேயே சிக்கி நின்றது. சின்னது, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தியதும், உள்ளே விழுந்து உருண்டது. மூன்று சீசனாக எனக்குக் குறுகலாக இருந்த சந்து, அந்தப் பையனுக்கு வாசற்கதவு.

இதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட என்ன கேடு? பஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்தால் எந்த அப்பா பார்ப்பான்?

"வேண்டாம். ஜூனியர் பந்து என்று லேபிளில் எழுதியிருப்பதைத் தேடு. கடையிலேயே பஞ்சைத் தூக்கிப் பார்" என்று அனுப்பினேன். "அப்ப உன்னோடது மோசமா?" என்று கேட்டான். மூக்கைக் காப்பாற்றியதற்கு முழு மார்க் தரலாம். ஆனால் கம்பிக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று, வராமல் போன நான்காவது திருகுக்கு ஒன்று கழித்து ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். அடுத்த முறையும் இதையேதான் வாங்குவேன், அது வேறு விஷயம்.