நிட்டினால் கம்பிக்குச் சொந்தமாக எழுதிய யூமேட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சூடேறினால் சுருங்கி ஒரு சிறு வால்வை இழுத்துத் திறக்கும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் வடிவ நினைவு உலோகக் கலவை) கம்பி. கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்காக இதைக் கணக்கிட வேண்டியிருந்தது. அபாகஸ் என்ற பொறியியல் கணக்கீட்டு மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் சூப்பர் எலாஸ்டிக் (மிகுதியாக வளைத்தாலும் பளுவை எடுத்ததும் மீளும்) மாதிரியை வைத்தே முடித்துவிடலாமா என்று முதலில் பார்த்தோம். ஆரிக்கியோ, டெய்லர் இருவரின் கோட்பாட்டை ஒட்டிய நல்ல மாதிரி அது. ஸ்டென்ட், பல் சீரமைப்புக் கம்பி போன்றவை உடல் வெப்பத்தில் வளைந்து மீள்வதைக் கணக்கிட அதுவே போதும். அந்த வேலைக்காகச் சொந்தமாக எழுதப் புறப்படுகிறவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் தேவை வேறு. பளுவைத் தாங்கிக்கொண்டே கம்பி சூடாகி ஆஸ்டினைட்டாக (சூட்டில் நிலைக்கும் படிக அமைப்பு) மாறிச் சுருங்க வேண்டும், ஆறும்போது மார்ட்டென்சைட்டாகி (குளிரில் நிலைக்கும் அமைப்பு) நீள வேண்டும். ஆன்சிஸ் என்ற மற்றொரு மென்பொருளில் வடிவ நினைவு விளைவுக்குத் தனி மாதிரி உண்டு. ஆனால் எங்களிடம் இருந்த உரிமம் அபாகஸுடையது. அதனால் லகூடாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் தந்த மாதிரியை ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் யூமேட்டாக (பயனரே எழுதி அபாகஸில் இணைக்கும் பொருள் மாதிரி நிரல்) எழுதினோம். இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

எழுதியதற்கு முழுப் பலன் கிடைத்த இடம் வெப்பநிலை. பட்டறையில் கம்பியைப் பொருத்திய அண்ணன் ஒருவர், "தம்பி, காலையில் சரியாகத் திரும்பிய கம்பி மத்தியானம் திரும்ப மறுக்கிறது" என்றார். மதுரையின் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அது நடக்கத்தான் செய்யும். 60 டிகிரியில் இருக்கும் கம்பி 22 டிகிரி குளிர்சாதன அறையில் ஆறும்போது வெப்பநிலை வேறுபாடு 38 டிகிரி. பட்டறை 38 டிகிரியில் கொதிக்கும்போது வேறுபாடு 22 தான். அந்தப் புள்ளியில் ஆறும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. பளு இல்லாத நிலையில் மார்ட்டென்சைட் மாற்றம் முடிய வேண்டிய வெப்பநிலை அறையின் வெப்பநிலையைவிடக் கீழே இருந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கம்பி முழுதாக நீளாது. இதற்கு மருந்தும் கோட்பாட்டிலேயே இருக்கிறது. நிட்டினாலில் தகைவு (பரப்பலகுக்கு விழும் விசை) கூடக்கூட மாற்ற வெப்பநிலைகளும் உயரும்; சரிவு தோராயமாக டிகிரிக்கு 6 முதல் 8 மெகாபாஸ்கல். கம்பியில் 150 மெகாபாஸ்கல் தகைவு நிலைத்திருந்தால் மாற்ற வெப்பநிலைகள் 20 டிகிரி அளவுக்கு மேலே போகின்றன. திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கைச் சற்று வலுவாக்கியதும் மத்தியானத் தகராறு தீர்ந்தது. எந்த ஸ்பிரிங், எவ்வளவு வலு என்பதைக் கம்பியை வெட்டி வெட்டிச் சோதிக்காமல் கணினியிலேயே முடிவு செய்ய முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே அந்த உழைப்பு தகும்.

இனி எழுதப் போகிறவர்களுக்கு. மாதிரியின் கடினம் சமன்பாடுகளில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கடினமெல்லாம் கம்பி மீளும் பாதையில் இருக்கிறது. மார்ட்டென்சைட் உருவாகும்போது மாற்றத் திரிபு (அந்த மாற்றத்தால் வரும் உருமாற்றத்தின் அளவு) எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை அப்போதைய தகைவு சொல்லிவிடும். மீளும்போது அது உதவாது: பளுவை எடுத்துவிட்டுச் சூடாக்கினால் தகைவே பூஜ்யம், அதற்கு ஏது திசை? அதனால் திரும்பத் தொடங்கிய கணத்தில் இருந்த மாற்றத் திரிபையும் மார்ட்டென்சைட் பங்கையும் நிலை மாறிகளில் (ஒவ்வொரு புள்ளிக்கும் நிரல் நினைவில் வைக்கும் மதிப்புகள்) சேமித்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துத் திசையை எடுக்க வேண்டும். அந்தப் பங்கு பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும்போது வகுத்தால் கணக்கு சிதறிவிடும். கீழ் வரம்பு ஒன்றை வைத்து அந்த வகுத்தலைக் காக்கும் வரி, முழு நிரலிலும் எனக்கு மிகவும் மதிப்புள்ள வரி. கம்பி பாதி மாறிய நிலையில் திரும்பி, மறுபடியும் ஏறும் சிறு வளையங்களில்தான் இது உண்மையாகச் சோதிக்கப்படும். முழுச் சுழற்சியை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

அடுத்தது டேஞ்சென்ட் அணி, அதாவது திரிபு சிறிது மாறினால் தகைவு எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் அணி. யூமேட் தகைவோடு இதையும் திருப்பித் தர வேண்டும். டேஞ்சென்ட் பிசகினால், ஓட்டம் குவிந்து ஒரு விடைக்கு வந்துவிடும்பட்சத்தில் அந்த விடை மாறாது. நேரம்தான் இழுக்கும், அல்லது குவியாமலே நின்றுவிடும். தகைவு பிசகினால் விடையே தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். முதலில் எண்முறை டேஞ்சென்டை எழுதுங்கள்: ஆறு திரிபுக் கூறுகளையும் ஒவ்வொன்றாக மிகச் சிறிதளவு அசைத்து, தகைவைத் திரும்பக் கணக்கிட்டு, வித்தியாசத்தை வகுத்தால் போதும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் நம்பலாம். பகுப்பாய்வு வடிவத்தைப் பிறகு எழுதி, இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஷியர் (கோணத்தை மாற்றும்) திரிபு விஷயத்தில் கையேட்டை வரிக்கு வரி படியுங்கள். யூமேட்டுக்கு அபாகஸ் கொடுப்பது பொறியியல் ஷியர் திரிபு, அதாவது டென்சர் மதிப்பைப் போல் இரு மடங்கு. அபாகஸின் மற்றொரு தீர்வுமுறையான எக்ஸ்பிளிசிட்டுக்கான வியூமேட்டில் வருவது டென்சர் மதிப்பு. அங்கே 23, 13 கூறுகளின் வரிசையும் இடம் மாறியிருக்கும். ஒரே கம்பியை நேராக இழுத்துப் பார்க்கும் சோதனையில் இந்தக் குழப்பம் தலைகாட்டவே காட்டாது. முறுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நேர அடியின் அளவையும் நிரலே கட்டுப்படுத்தட்டும். ஒரே அடியில் மார்ட்டென்சைட் பங்கு அளவுக்கு மீறித் தாவினால், பிஎன்இடபிள்யூடிடி என்ற மாறியை ஒன்றுக்குக் கீழே வைத்துவிட்டால் அபாகஸ் அடியைச் சுருக்கி மறுபடி முயலும். ஃபோர்ட்ரானின் சேவ் மாறிகளில் (அழைப்புக்கு அழைப்பு மதிப்பைத் தக்கவைப்பவை) எதையும் ஒளித்து வைக்காதீர்கள். பல த்ரெட்களில், அதாவது இணையாகப் பல இழைகளில் ஓடும்போது ஒரு புள்ளியின் நிலை மற்றொன்றின் மேல் ஏறிவிடும்.

வேகமாக இயங்கும் கருவி என்றால் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்தாக வேண்டும். மார்ட்டென்சைட் உருவாகும்போது வெப்பம் வெளியாகும், மீளும்போது உறிஞ்சப்படும். மெதுவாக இழுத்த கம்பியும் வேகமாக இழுத்த கம்பியும் வேறு வேறு வளைகோடு காட்டுவதற்குப் பெரும்பங்குக் காரணம் இதுவே. யூமேட்டில் இதற்கென்றே ஆர்பிஎல் என்ற மாறியும் அதன் வகைக்கெழுக்களும் இருக்கின்றன.

மதுரை போன்ற ஊரில் சிறு அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு உரிமக் கட்டணம் பெரிய சுமை. அபாகஸ் பாணி உள்ளீட்டையே பெரும்பாலும் ஏற்கும் கால்குலிக்ஸ் இலவசம்; சொந்தப் பொருள் மாதிரிகளை இணைக்கவும் வழி உண்டு. பிரான்சின் அணுசக்தி ஆய்வு நிறுவனமும் மின்சார நிறுவனமும் சேர்ந்து வளர்க்கும் எம்ஃப்ரண்ட் என்ற நிரல் உருவாக்கியும் இலவசமே. அதில் ஒருமுறை எழுதிவிட்டால் அபாகஸ், கால்குலிக்ஸ், ஆன்சிஸ் என்று பலவற்றுக்கும் நிரலை அதுவே உருவாக்கித் தரும். இன்று புதிதாகத் தொடங்குகிறவராக நான் இருந்தால் எம்ஃப்ரண்ட்டில்தான் எழுதுவேன்.

எங்கள் மாதிரி இன்னும் தொடாத ஒன்று உண்டு. சுழற்சிக்குச் சுழற்சி கம்பியில் மீளாத் திரிபு சிறிது சிறிதாகச் சேரும். அதற்கான சமன்பாடு எங்கள் நிரலில் இல்லை. அதனால் புதுக் கம்பியின் அளவீடுகளை மாதிரிக்குக் கொடுப்பதில்லை. பளுவோடு பலமுறை சூடாக்கி ஆறவிட்டு, வளைகோடு நிலைகொண்ட பிறகுதான் மாறிலிகளை எடுக்கிறோம். இப்படிப் பயிற்றாத கம்பிக்கு யாராவது கணக்குக் கேட்டால், இந்த மாதிரியை வைத்துப் போட்டுத் தருவதில்லை.