ஃபுட் பிராசஸரா, மிக்ஸியும் சிரவையுமா? எங்கள் அடுக்களையில் இரண்டு மாசம்

எங்கள் வீடு மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். மைனி, அதாவது மதினி, வீடு கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில். வளைகுடாவில் இருக்கிற மகனைப் பார்க்கப் போகும்போது, "சும்மா கெடக்கதுக்கு நீ போட்டுப் பாரு" என்று தன்னுடைய ஃபுட் பிராசஸரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கலாமா வேண்டாமா என்று நான் ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

ஒரு பக்கம் அந்த மெஷின். இன்னொரு பக்கம் என்னுடைய 750 வாட் மிக்ஸியும் மூன்று ஜாரும், தேங்காய் திருவுகிற சிரவை, பிச்சாத்தி என்கிற கத்தி, பின்திண்ணையில் கிடக்கிற அம்மி. வீட்டில் நாலு பேர். ஒரே கறியை ஒருநாள் இதில், மறுநாள் அதில் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். கடையில் ஃபுட் பிராசஸர் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று வெளிநாட்டு மாதிரி: அகலமான ஒரு கிண்ணம், அதற்குள் வளைந்த பிளேடு, மேலே சீவுகிற தட்டும் துருவுகிற தட்டும். பிரான்ஸில் ஓட்டல்களுக்காகச் செய்த மெஷினை வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, 1973-ல் அமெரிக்காவில் குய்சினார்ட் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். கேரட், கோஸ், சீஸ், ரொட்டி மாவு என்று அவர்கள் சமையலுக்கு உண்டானது அது. நம் மிக்ஸி பிறந்த கதை வேறு. மனைவியின் ஜெர்மன் மிக்சர் பழுதாகிப்போனதும், நம் ஊர் அரைப்பைத் தாங்குகிற மோட்டாரோடு சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியர் 1963-ல் சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். ஆக, ஒன்று வெட்டுவதற்கு வந்தது, மற்றது அரைப்பதற்கு வந்தது. இரண்டாவது வகை பிராசஸர் இந்தியக் கம்பெனிகள் செய்வது: ஒரே மோட்டாரில் அகலக் கிண்ணமும் மாட்டலாம், மிக்ஸி ஜாரும் மாட்டலாம். மைனியுடையது முதல் வகை.

1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அடுக்களை மட்டும் இன்றைக்கும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், தேங்காய் இல்லாமல் ஒரு நேரம் கழியாது. அதனால் நான் முதலில் வைத்துப் பார்த்தது உள்ளித் தீயல், அதாவது வறுத்த தேங்காய் அரைத்து வைக்கிற சின்ன வெங்காயக் குழம்பு.

தீயலுக்கு அரை மூடித் தேங்காயைத் திருவி, சீனிச்சட்டியில் (வாணலியில்) நாலு உள்ளியும் கறிவேப்பிலையும் போட்டு, காப்பிப்பொடி நிறம் வரும்வரை கைவிடாமல் வறுக்க வேண்டும். இறக்கும் சமயத்தில் மல்லி, வத்தல் மிளகாய், கொஞ்சம் நல்லமிளகு (குருமிளகு). இதைத் தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காயே எண்ணெய் விட்டு, கறுத்து மினுங்குகிற விழுதாக வரும். அந்த விழுதுதான் தீயல். பிராசஸர் கிண்ணத்தில் போட்டேன். ஒரு சுற்றில் எல்லாம் சிதறிப் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டது, நடுவில் பிளேடு காலியாகச் சுற்றியது. மூடியைத் திறந்து வழித்துவிட்டேன். மறுபடியும் அதே கதை. ஐந்து தடவை வழித்த பிறகும் விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் மாதிரி நெருடியது. மறுநாள் அதே அளவு தேங்காய், மிக்ஸியின் சின்ன ஜாரில் நிறுத்தி நிறுத்தி இரண்டு நிமிஷம், எண்ணெய் பிரிந்து நின்றது. காரணம் எளிது. சின்ன ஜார் ஒடுக்கமானது, மேலே எழும்புவது திரும்பப் பிளேடிலேயே வந்து விழும். மிக்ஸியின் வேகமும் அந்த அகலக் கிண்ணத்துப் பிளேடுக்குக் கிடையாது. மீன்கறி அரைப்பும் புளிசேரி (மோர்க்குழம்பு) அரைப்பும் இதே மாதிரிதான் ஆயின.

சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலுக்கு இரண்டுமே வேண்டாம், அம்மிதான். பிளேடு வெட்டும், கல் நசுக்கும். உள்ளியையும் வத்தலையும் கல்லில் சதைக்கும்போது வருகிற மணம் எந்த ஜாரிலும் வரவில்லை.

பிராசஸர் ஜெயித்த இடமும் உண்டு, அது ஓணத்தன்று. 18 பேருக்கு இலை போட்டோம். துவரன் என்கிற தேங்காய்ப் பொரியலுக்கு இரண்டு முட்டைக்கோஸ், சீவுகிற தட்டில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இழை இழையாக விழுந்தது. பிச்சாத்தியில் நான் அரிந்திருந்தால் அரைமணி நேரம் போயிருக்கும். அவியலுக்கு இரண்டு முழுத் தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், அதைக் கொரகொரப்பாக எடுக்க வேண்டும். விட்டு விட்டு நாலு தடவை அழுத்தினேன், ஒரே சீராக வந்தது. அளவு கூடினால் அந்தக் கிண்ணம் நன்றாகவே வேலை செய்கிறது. அரை மூடிக்குத்தான் அது உதவாது.

ஆனால் அவியல் காய் விஷயம் வேறு. விரல் நீளத்தில், விரல் கனத்தில் இருக்க வேண்டும். தட்டு வட்டமாகச் சீவுகிறது, பிளேடு கண்டபடி நறுக்குகிறது. சேனையை அதில் விட்டுப் பார்த்தேன், பாதி துண்டு, பாதி தூள். அப்படிப் போட்டால் தூள் கரைந்து கூழாகும், துண்டு வேகாமல் நிற்கும். முருங்கைக்காயை விடவே முடியாது. கடைசியில் எல்லாக் காயும் கையால்தான் நறுக்கினோம்.

தேங்காய்க்கும் இதே சிக்கல். சிரவையில் திருவினால் ஓட்டோரத்துத் தவிட்டுத்தோல் வராமல், பூப்போல வெள்ளையாக விழும். பிராசஸரில் போட, சிரட்டையிலிருந்து பத்தையைக் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். அதுவே ஒரு வேலை, கை வழுக்கினால் ஆபத்து. வருவதும் குருணையாக, தவிட்டுத்தோலோடு வரும். துவரனில் அது பல்லில் தட்டும். சில மாடல்களில் தேங்காய் மூடியைக் கையில் பிடித்துத் திருவுகிற குமிழ் தனியாக வருகிறது. தேங்காய்க்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: எங்கள் அடுக்களையில் நேரத்தைத் தின்பது நறுக்குவது அல்ல. கால் கிலோ உள்ளி உரிப்பது, மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) தொலி களைவது, சிறுகிழங்கைச் சுரண்டுவது, மீன் கழுவி எடுப்பது. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) உப்பேரிக்கு, அதாவது சிப்ஸுக்கு, தட்டு அருமையாகச் சீவும், ஆனால் கறை ஒட்டுகிற தோலை உரிக்க என் கைதான் வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மெஷினுக்கு வேலை ஆரம்பிக்கிறது. அதன் பிறகு கழுவ வேண்டியவை கிண்ணம், மூடி, தள்ளுகட்டை, நடுத்தண்டு, பிளேடு, தட்டு. ஒரு கேரட்டுக்காக இத்தனையும் கழுவ மனசு வராமல், இரண்டாவது வாரத்திலேயே சாதாரண நாளில் பிச்சாத்தியைத்தான் எடுத்தேன்.

தோசைமாவுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அது கிரைண்டர் வேலை. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த கிரைண்டரே எங்கள் தெருவில் பல வீட்டில் இன்னும் ஓடுகிறது.

சப்பாத்தி மாவு விஷயத்தில்தான் நான் மனசு மாறினேன். அம்மாவுக்கு வலது தோள்பட்டை மேலே தூக்க வராது. சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்தி. மாவு பிசைந்து கொடுக்க யாராவது வேண்டும் என்பதே அவருக்கு வருத்தம். பிராசஸரில் அரைக்கிலோ மாவு, உப்பு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இரண்டு நிமிஷத்தில் உருண்டு வந்தது. பத்து நிமிஷம் மூடி வைத்துத் தேய்த்தால் கையால் பிசைந்ததற்கு ஒரு குறைவும் இல்லை.

நாலு பேர் வீடு, தினமும் அரைப்பு, கையில் வலி இல்லை என்றால் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல மிக்ஸியும் கூர்மையான பிச்சாத்தியும் போதும். ஆர்டருக்குச் சமைக்கிறவர்கள், வீட்டில் எப்போதும் பத்துப் பேர் இருப்பவர்கள், கை மணிக்கட்டு தோள் என்று தொந்தரவு உள்ளவர்கள் வாங்கலாம், ஆனால் மிக்ஸி ஜாரும் சேர்ந்து வருகிற இரண்டாவது வகையை. கடைக்காரரிடம் கிண்ணத்தையும் பிளேடையும் உங்கள் கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிளேடும் ரப்பரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மைனி வந்ததும் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருக்கிற மிக்ஸி மேலேயே பொருத்துகிற பிராசஸர் ஜாரைச் சில கம்பெனிகள் தனியாக விற்கின்றன, எல்லா மாடலுக்கும் பொருந்தாது. எங்கள் மிக்ஸிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கிடைத்தது. இப்போது சாயங்காலம் ஆறரைக்கு அம்மாவே மாவைப் போட்டு ஸ்விட்சைத் திருப்புகிறார்.