சிவப்பு ஊற்றா, வெள்ளை ஊற்றா?

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி ஊரை, காயம்பட்ட ஆர்தர் மன்னர் கடைசியில் போய்ச் சேர்ந்ததாகப் பழங்கதை சொல்லும் அவலான் தீவாகவே நம்பி வருகிறார்கள், ஐரோப்பாவின் பழைய பெண் தெய்வங்களை வணங்கும் தேவி வழிபாட்டினர். 1191-இல் ஆர்தர் மன்னரின் கல்லறை கிடைத்ததாக அங்குள்ள மடத்துத் துறவிகள் அறிவித்ததில் வலுத்த பேச்சு அது (1184 தீ விபத்துக்குப் பின் மடத்துக்குப் பணமுடை வேறு!).

அங்கே ஒரு சந்தின் இருபுறமும் இரண்டு ஊற்றுகள். சிவப்பு ஊற்றான சாலிஸ் வெல்லுக்குக் கட்டணம் உண்டு. பூந்தோட்டம், சிங்கத் தலைச் சிலையின் வாயிலிருந்து விழும் இரும்புச் சத்து நீர், அது பட்ட கல்லெல்லாம் துருச் சிவப்பு. தேவியின் உதிரம் என்பார்கள் பக்தர்கள். எதிரே வெள்ளை ஊற்றான வைட் ஸ்பிரிங்: சுண்ணாம்பு நீர், 19-ஆம் நூற்றாண்டில் குடிநீருக்காகக் கட்டிய இருட்டுக் கட்டடம், மெழுகுவத்திகள், அயர்லாந்தின் பழைய தேவியான பிரிஜிட்டுக்கு ஒரு சன்னிதி. கட்டணமில்லை.

உட்கார்ந்து தியானிக்கத் தோட்டம் சரி. கருவறைக்குள் நிற்கிற உணர்வு வேண்டுமென்றால் என் ஓட்டு இருட்டுக்குத்தான். ஆனால் தன்னார்வலர்கள் நடத்துவது. திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.