விரல் நகம் அளவு டாங்கிளை வைத்து ஏமாற்றினார்கள்: லினக்ஸுக்கு மெல்லிய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுவதற்காக எடை குறைந்த மடிக்கணினி தேடுகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் 64,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து வந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் கணினியின் பெயரையும் எழுதவில்லை. நடந்ததை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் லினக்ஸுக்குப் புதியவன் அல்ல. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய அந்த இயங்குதளத்தில்தான் தமிழில் தட்டச்சு செய்யவே கற்றுக்கொண்டேன். இன்றைக்கு மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடுகிறது என்றால் அதன் தொடக்கம் அங்கேதான். அதற்குப் பிறகு வேறு எதற்கும் மாறவில்லை. விழுப்புரத்திலிருந்து வாரம் இரண்டு முறை ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறேன். சென்ற ஆண்டு விபத்தில் தோள்பட்டையில் அடிபட்டதிலிருந்து 2.3 கிலோ எடையுள்ள பழைய கணினியைச் சுமக்க முடியவில்லை. ஒரு கிலோவை ஒட்டிய எடையில் ஒன்று வேண்டும் என்று ஆறு மாதம் பணம் சேர்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

கையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்ட பென் டிரைவ் இருந்தது. காட்சிக்கு வைத்திருந்த கணினியில் அதைச் செருகிப் பார்க்க விட்டார்கள். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் சரியாக வேலை செய்தன. உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று காட்டும் பட்டியலையும், அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பழக்கத்தில் செய்தது, இப்போது என் கையில் இருக்கும் முக்கியமான சான்று அதுதான்.

"தம்பி, லினக்ஸ் தாராளமாக ஓடும். புதுப் பெட்டியைப் பிரித்து எங்கள் பையனே போட்டுத் தந்துவிடுவான். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார் உரிமையாளர். மெமரி 8 ஜிபிதானே என்று கேட்டேன். "பிறகு 16 ஆக்கிக்கொள்ளலாம், இங்கேயே கொண்டுவாருங்கள்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது உபுண்டு திறந்திருந்தது, யூடியூபில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழும்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம். 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட தாளில் தொகையை எழுதிக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் மாலையில் வாட்ஸாப்பில் வரும் என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் பையிலிருந்து கணினியை எடுக்கும்போது வலது ஓரத்தில் ஏதோ துணியில் மாட்டியது. யூஎஸ்பி துளையில் விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு டாங்கிள், அதாவது வைஃபைக்காக வெளியிலிருந்து செருகும் சின்னக் கருவி. கணினியின் நிறமும் கறுப்பு என்பதால் கடையில் என் கண்ணில் படவில்லை. உருவினேன். வைஃபை போய்விட்டது.

கணினிக்குள் இருந்த வைஃபை சிப் காட்சியில் பார்த்தது அல்ல. காட்சிக் கணினியில் இருந்தது இன்டெல் அட்டை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. எனக்குக் கொடுத்ததில் வேறு சிப். உபுண்டுவின் கெர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வைஃபை சிப்புகளோடு கணினிகள் சந்தைக்கு வருவது உண்டு. எடுத்த படத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். மாடல் எண்ணின் கடைசி மூன்று எழுத்துகள் வேறு.

தெரியாமல் வேறு பெட்டியைக் கொடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஆனால் உள்ளே உட்கார்ந்து லினக்ஸ் போட்டவருக்கு வைஃபை வேலை செய்யவில்லை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் டாங்கிளைச் செருகியிருக்கிறார், தெரிந்துதான் யூடியூபை ஓடவிட்டிருக்கிறார். என் ஆறு மாதச் சேமிப்பை ஒரு சின்ன டாங்கிளுக்குப் பின்னால் மறைத்து வாங்கிக்கொண்டார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மற்றக் குறைகள் ஒவ்வொரு நாளாகத் தெரியவந்தன. வைஃபை சிப் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றி மாற்ற வழியில்லை. மெமரியும் அப்படியே. இதில் இருக்கும் எல்பிடிடிஆர் வகை மெமரி அநேகமாக எல்லா மடிக்கணினிகளிலும் போர்டோடு சேர்ந்துதான் வரும். 16 ஆக்கலாம் என்றது பச்சைப் பொய். கேமரா திறக்கவே இல்லை. யூஎஸ்பி வழியாக இணைந்த கேமராக்கள் லினக்ஸில் பெரும்பாலும் சிக்கலின்றி வேலை செய்யும். இந்தக் கணினியில் கேமரா எம்ஐபிஐ என்ற முறையில் செயலியோடு நேரடியாக இணைந்திருக்கிறது. அதற்குத் தனி டிரைவர்கள் தேவை. இரவு மூடி வைத்தால் காலையில் பேட்டரி பாதிக்குக் கீழே போயிருக்கிறது. பழைய கணினிகளில் இருந்த எஸ்3 என்ற ஆழ்ந்த உறக்க நிலை புதிய மெல்லிய கணினிகள் பலவற்றில் இல்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு அநியாயமும் செய்திருந்தார்கள். கணினியோடு வந்த விண்டோஸை, அதை மீட்கும் பகுதியோடு சேர்த்து முழுவதும் அழித்திருந்தார்கள். நான் அழிக்கச் சொல்லவில்லை. சர்வீஸ் மையத்துக்குப் போனால், முதலில் விண்டோஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் சோதிக்க முடியும் என்கிறார்கள். கடைக்குப் போனால் பேச்சே மாறிவிட்டது.

"ஓஎஸ் மாற்றியதைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்றார் அதே உரிமையாளர். மாற்றியது உங்கள் பையன்தானே என்று கேட்டேன். "நீங்கள் கேட்டீர்கள், செய்து கொடுத்தோம். வேண்டுமானால் 20,000 கழித்துக்கொண்டு வேறு மாடல் தருகிறேன்." அவர் காட்டிய வேறு மாடலின் எடை 1.8 கிலோ. தோள்பட்டை விஷயத்தை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகுதான் ஜிஎஸ்டி பில் வந்து சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. கடை இறங்கி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

ரிச்சி தெருவையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பல ஆண்டுகளாக அங்கே நேர்மையான கடைகளில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே வாங்கினாலும் வேறு எங்கே வாங்கினாலும், காட்சிக் கணினியில் செய்த சோதனையை நம்பாதீர்கள். நீங்கள் கொண்டுபோகப் போகும் கணினியை, உங்கள் கண் முன்னால் பெட்டியைப் பிரித்து, உங்கள் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள். நிறுவ வேண்டியதில்லை, உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் நிறுவாமலே இயக்கும் வசதி உண்டு. எல்லாத் துளைகளும் காலியாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கேமராவைத் திறங்கள், ஒலியைக் கேளுங்கள், மூடித் திறந்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். உபுண்டு சான்றளித்த கணினிகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதில் தேடும்போது மாடல் பெயரோடு நிற்காமல் வைஃபை சிப் வரைக்கும் ஒப்பிடுங்கள். மெமரியைப் பிறகு கூட்டலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காமல், உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். "லினக்ஸில் வைஃபை, கேமரா வேலை செய்யும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் காரணம் இருக்கிறது.

அண்மையில் கடைக்காரர் கையால் லினக்ஸ் போட்டு மெல்லிய கணினி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே அதன் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். கறுப்பாக ஏதாவது செருகியிருந்தால் உருவிவிட்டு வைஃபை வருகிறதா என்று சோதியுங்கள். வரவில்லை என்றால் பில்லில் உள்ள தேதியைப் பார்த்து, 30 நாள் முடிவதற்குள் 1915-ஐ அழையுங்கள்.